கேனோ போலோ: பெருந்துறைப் பக்கம் ஒரு அணி, குட்டையில ஆடலாமா?

#1 நொய்யல்கரை
வணக்கமுங்க. பெருந்துறைக்கும் சென்னிமலைக்கும் நடுவால எட்டுப் பேரு சேர்ந்திருக்கோம், ரெண்டு பேரு பொண்ணுக. கேனோ போலோ, அதாவது படகுல உட்கார்ந்து பந்தைக் கோல்ல போடற ஆட்டம், பழகோணும். கையில இருக்கறது: 25 மீட்டருக்கு 12.5 மீட்டர்ல ஒரு நீச்சல் குளம், வாரத்துல ரெண்டு நாள் பொழுதோட மட்டும் கிடைக்கும். அப்புறம் தோட்டத்துல ஷீட் விரிச்ச பண்ணைக்குட்டை ஒண்ணு. தண்ணி நிறைஞ்சா மேல்மட்டத்துல 40க்கு 28 மீட்டர், நடு ஆழம் 3 மீட்டர். எல்லாருக்கும் கிணத்து நீச்சல் நல்லா வரும். படகு ஒண்ணும் இல்லை.

குட்டையில ஆடுகளம் போட முடியுமா? படகை இங்கேயே எஃப்.ஆர்.பி.ல (கண்ணாடிநாரும் பிசினும் சேர்ந்தது) செஞ்சுக்கலாமா, வாங்கித்தான் ஆகோணுமா? முதல் நாள் தண்ணியில இறங்கி என்ன பழகறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ஐந்தாம்துடுப்பு
எட்டுங்கறது சரியான எண்ணிக்கைங்க. தண்ணியில ஒரு அணிக்கு 5 பேரு, வெளிய மாத்தாள் 3 பேரு. பேருலதான் கேனோ, உட்கார்றது கயாக்குல (மேல மூடின ஒத்தை ஆள் படகு), துடுப்புக்கு ரெண்டு பக்கமும் இலை. களம் 35 மீட்டர் நீளம், 23 மீட்டர் அகலம். 10 நிமிஷத்துல ரெண்டு பாதி, நடுவால 3 நிமிஷம் இடைவேளை. கோல் தண்ணிக்கு மேல அந்தரத்துல தொங்கும்: கீழ்விளிம்பு தண்ணியிலிருந்து 2 மீட்டர், வாய் 1.5 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம். பந்து வாட்டர் போலோ பந்துதான். ஆண்களுக்கு 5ஆம் அளவு, பெண்களுக்கு 4.

பந்தைக் கையில வெச்சிருக்கறவனை நீங்க கையால தள்ளிக் கவுத்தலாம். இந்த ஒரு விதிதான் மத்த எல்லாத்தையும் தீர்மானிக்குது. அதனால முதல் ஆறு வாரம் பந்தை வெளியவே எடுக்காதீங்க. கவுந்தா நிமிரத் தெரியாதவனுக்குப் பந்து வந்தா, எறியறதுக்குப் பதிலா கைமாத்தி விடத்தான் பார்ப்பான். அஞ்சு பேருல ரெண்டு பேரு அப்படி இருந்தா எதிரணி அவங்களை மட்டுமே குறி வெக்கும்.

பழக்கற வரிசை இது. மாத்தாதீங்க.

முதல்ல கவுந்து வெளிய வர்றது. இடுப்புல கட்டற அந்தத் துணி மூடிக்கு, நம்ம பசங்க ஸ்கர்ட்டுன்னுதான் சொல்றாங்க, முன்னாடி ஒரு இழுப்பு வார் இருக்கும். அது வெளிய தெரியற மாதிரி இருக்குதான்னு பக்கத்துல நிக்கறவன் தொட்டுப் பார்க்கோணும். வாரு உள்ள மடிஞ்சு போறதுதான் இந்த ஆட்டத்துல நடக்கற மோசமான தப்பு. கவுந்ததும் உடம்பை முன்னால குனிஞ்சு, படகோட அடியை மூணு தடவை தட்டி, வாரை முன்னால தள்ளி மேல இழுத்து, ரெண்டு கையாலயும் இடுப்புப் பக்கம் படகை உந்தி, முன்குட்டிக்கரணம் போடற மாதிரி வெளிய வரோணும். பின்னால சாஞ்சு வெளிய வரப் பார்த்தா தொடை மாட்டிக்கும். ஒவ்வொருத்தரும் பத்துத் தடவை.

அடுத்தது இடுப்பு வெட்டு. குளத்து ஓரக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுப் படகைப் பாதி கவுத்து, முழங்காலால மேல இழுத்து நிமித்தறது. இதுல கைக்கு வேலையே இல்லை. கம்பியை அழுத்திப் பிடிக்கறவனுக்கு ரோல் (கவுந்த படகை உள்ள உட்கார்ந்தபடியே நிமித்தறது) வராது, அதனால ரெண்டு விரலால மட்டும் பிடிக்கச் சொல்லுங்க.

அதுக்கப்புறம் துடுப்போட ரோல். துடுப்பைப் படகுக்குப் பக்கவாட்டுல முன்னால வெச்சு, இலையைத் தண்ணி மேல்மட்டத்தை ஒட்டியே வெளிவட்டமா கொண்டு வந்து, முழங்காலை மேல இழுக்கோணும். தலை கடைசியாத்தான் தண்ணியை விட்டு வரோணும். மூச்சுக்கு அவசரப்பட்டுத் தலையை முதல்ல தூக்கினா இடுப்பு எதிர்ப்பக்கம் திரும்பிக்கும், படகு மறுபடி கவுரும். ரோல் வராத பத்துப் பேருல எட்டுப் பேருக்கு இதுதான் காரணம்.

கடைசியா வெறுங்கை ரோல். பந்து எறியறப்பத்தான் தள்ளுவாங்க, அப்ப துடுப்பு கையில இருக்காது. முதல்ல தண்ணியில மிதக்கற தக்கைப் பலகையைக் கையில பிடிச்சுப் பழகி, அப்புறம் பந்தையே பிடிச்சு, அப்புறம் வெறுங்கை. ரெண்டு பக்கமும் வரோணும். வலதுபக்கம் மட்டும் நிமிர்றவனை எந்தப் பக்கம் தள்ளோணும்னு எதிரணிக்கு ஒரே ஆட்டத்துல தெரிஞ்சுரும்.

#3 கூடுதுறை
நீச்சல் நல்லா வரும்ங்கறது ஒரு வகையில சிக்கலுங்க. கிணத்துல குதிச்சுப் பழகினவங்களுக்குத் தண்ணிக்குள்ள பயம் இருக்காது. ஆனா கவுந்ததும் கையைக் காலை உதறி மேல வரத்தான் உடம்பு பார்க்கும். படகுக்குள்ள காலு மாட்டியிருக்கறப்ப அது ஆகாது. நிதானமாக் குனியறதைத்தான் முதல்ல பழகோணும்.

இனி குட்டைக்கு வர்றேன். கரைச்சரிவு ஒண்ணுக்கு ஒண்ணரைன்னு வெச்சுக்கறேன். ஒரு மீட்டர் இறங்கறதுக்கு ஒண்ணரை மீட்டர் உள்ள போகும். களம் முழுக்க 90 சென்டிமீட்டர் ஆழமாவது வேணும், இல்லாட்டிக் கவுர்றவன் தலை ஷீட்டுல இடிக்கும். நிறைஞ்ச குட்டையில அந்த ஆழம் கரையிலிருந்து 1.35 மீட்டர் தள்ளித்தான் கிடைக்குது. அப்போ 40க்கு 28ங்கறது 37.3க்கு 25.3 ஆகுது. 35க்கு 23 களம் தாராளமா உட்காரும். ஆனா நீங்க தென்னைக்குத் தண்ணி விட ஆரம்பிச்சு ஒரு மீட்டர் இறங்கினா 34.3க்கு 22.3 ஆயிரும், பத்தாது. கணக்குப்படி முக்கால் மீட்டர் இறங்கற வரைக்கும் முழுக் களம். அதுக்குக் கீழ களத்தைச் சுத்திக் கட்டற கயித்தை உள்ள இழுத்துக் களத்தைச் சின்னதாக்குங்க.

அதைவிட முக்கியமானது ஏறி வர்ற வழி. ஷீட் போட்ட குட்டையில பாசி படிஞ்சா நீச்சல்காரனும் ஏற முடியாது. சரிவு கால் வெக்க வெக்க வழுக்கும். நம்ம பக்கம் இதுல உயிர் போறது புதுசு இல்லை. நாலு கரையிலயும், கரைக்கு ரெண்டு இடத்துல, 16 மில்லிமீட்டர் நைலான் கயித்தை 30 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்டுத் தண்ணிக்குள்ள ஒரு மீட்டர் போற மாதிரி தொங்க விடுங்க. இன்னும் நல்லது, பழைய டயரை வரிசையாக் கட்டி ஏணி மாதிரி இறக்கறது. எல்லாத்தையும் கரைக்கு மேல அடிச்ச முளையில கட்டுங்க, ஷீட்டைத் துளைக்காதீங்க. கரையில எறிகயிறோட ஒருத்தர் எப்பவும் நிக்கோணும், அவரு மாத்தாளா இருக்கப்படாது. குட்டை 28 மீட்டர் அகலம்ங்கறதால 20 மீட்டர் கயிறு இருந்தா நீளக் கரையிலிருந்து நடுவுக்குப் போகும்.

களத்தை மிதவைக் கயித்தால கட்டுங்க. சுத்தளவு 116 மீட்டர். ஏரின்னா மூலைக்கு மூலை கான்கிரீட் ஊத்தின பெயின்ட் வாளியை நங்கூரமாப் போடுவோம். உங்க குட்டையில அதைச் செஞ்சா ஷீட் கிழியும். அதுக்குப் பதிலா நாலு மூலையிலிருந்தும் கரை முளைக்குக் கயிறு இழுங்க, நடுவால ரப்பர் நாடா ஒரு துண்டு சேர்த்துக்கிட்டா தண்ணி இறங்கினாலும் தொய்யாது. சதுரம் சரியா இருக்குதான்னு பார்க்கக் குறுக்களவு எடுங்க: ரெண்டு பக்கமும் 41.88 மீட்டர் வரோணும்.

#4 ஆடிக்காத்து
இதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். ஆத்துலயும் அணையிலயும் ஆடலாமேன்னு அடுத்து யாராச்சும் கேப்பாங்க, இப்பவே சொல்லிர்றேன். அமராவதி அணையிலயும் பவானிசாகர்லயும் முதலை இருக்குது. பவானியிலயும் காவேரியிலயும் கதவணைத் தண்ணி திறக்கற நேரம் உங்க கையில இல்லை. வாய்க்காலுக்கு அகலமே பத்தாது. கோயமுத்தூர் குளங்கள்ல அகலம் இருக்குது, ஆகாயத்தாமரையும் சாக்கடையும் கூடவே இருக்குது; கவுந்து எந்திரிக்கற விளையாட்டுல அந்தத் தண்ணி மூக்குக்குள்ள போகும். எலிக்காய்ச்சலுக்கு அதுவே போதும். பாறைக்குழியை நினைச்சே பாக்காதீங்க; ஏறக் கரையே இருக்காது. உங்க பண்ணைக்குட்டைதான் இருக்கறதுல மேல்.

#5 பிசின்வாளி
படகைப் பத்தி நான் சொல்றேன். விதிப்படி நீளம் 2.1 முதல் 3 மீட்டர், அகலம் 50 முதல் 60 சென்டிமீட்டர், எடை 7 கிலோவுக்குக் குறையப்படாது. போட்டிக்குப் போறவங்க கார்பன், கெவ்லார் கலந்து செஞ்ச படகு வெச்சிருக்காங்க. பழகறதுக்கு எஃப்.ஆர்.பி. போதும். நம்ம ஊருல பம்புக்கும் தொட்டிக்கும் எஃப்.ஆர்.பி. வேலை செய்யற பட்டறை எத்தனையோ, ஆளுக்குக் குறைவில்லை.

மேல்தளம், அடித்தளம் சேர்த்து ஒரு படகுக்குப் பரப்பு ஏறக்குறைய 3.3 சதுர மீட்டர். 300 கிராம் மேட் (கண்ணாடிநார் விரிப்பு) ரெண்டு அடுக்கு போட்டா சதுர மீட்டருக்கு 600 கிராம் மேட், அதுக்கு ரெண்டரை மடங்கு பிசின், மொத்தம் 2.1 கிலோ. 3.3ஆல பெருக்குனா 7 கிலோ. ஜெல்கோட் (வெளிப்பூச்சுப் பிசின்) ஒண்ணரை கிலோ, இருக்கை, கால்தாங்கி, இணைப்புப் பட்டை, முன்மூக்குக்கு ரெண்டு அடுக்கு கூடுதல், உட்கார்ற வாய்க்குச் சுத்தி இன்னும் ஒண்ணு. 12 கிலோவுல முடிஞ்சா நல்ல கை. 15ஐத் தாண்டினா பிசினை ஊத்தியிருக்காங்கன்னு அர்த்தம். உருளையால அழுத்தி எடுக்கத் தெரியலை. கனம் கூடினா பலம் கூடும்னு நினைக்காதீங்க. பிசின் மட்டும் இருக்கற இடம்தான் முதல்ல விரியும்.

வெயில்ல செய்யாதீங்க. சித்திரையில மத்தியானம் 38 டிகிரி போச்சுன்னா பத்து நிமிஷத்துல வாளிக்குள்ளயே கெட்டியாகிப் புகையும். காத்தால ஆறு மணிக்கு ஆரம்பிச்சு, கேட்டலிஸ்ட்டை (பிசினை இறுக வெக்கற மருந்து) 1 சதவீதத்துல நிறுத்துங்க, ஒரு தடவைக்கு ஒரு கிலோவுக்கு மேல கலக்காதீங்க. ஒண்ணு உயிர் விஷயம்: பிசின் சீக்கிரம் இறுகறதுக்குச் சேர்க்கற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியா ஒண்ணோட ஒண்ணு சேர்க்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட் முதல்லயே கலந்த பிசினா வாங்கிருங்க, அந்த வம்பே வேண்டாம்.

மேலயும் கீழயும் சேர்க்கற தையல்தான் எல்லாரும் கோட்டை விடற இடம். வெளியில பட்டை ஒட்டினா மட்டும் மோதல் தாங்காது. உள்பக்கம் 75 மில்லிமீட்டர் மேட் பட்டை மூக்கு வரைக்கும் போகோணும். கை எட்டாது; நீளக் குச்சியில பிரஷ்ஷைக் கட்டிப் படகைப் பக்கவாட்டுல படுக்க வெச்சு ஒரு பக்கம் காஞ்சப்புறம் மறுபக்கம் ஒட்டுங்க.

ஆனா ஒண்ணு கேளுங்க. அச்சு செய்யறதுதான் பெரிய வேலை. எட்டுப் படகு செய்யறதா இருந்தாத்தான் அது தகும். விக்கற படகு மேலேயே அச்சு எடுக்கறது முறையும் இல்லை. முதல்ல ரெண்டு மூணு பழைய பிளாஸ்டிக் கயாக் வாங்கி ரோல் பழகுங்க. உடம்பு அளவு, முழங்கால் எங்க முட்டுது, எல்லாம் தெரிஞ்சப்புறம் அச்சுக்குப் போங்க.

#6 சின்டெக்ஸ்மூளை
தண்ணித் தொட்டி செய்யற ரோட்டோ மோல்டிங்குல கேட்டா ஆகாதுங்களா? பிளாஸ்டிக் எவ்வளவு மோதினாலும் விரியாதே.

#7 பிசின்வாளி
ஆகும், நூறு படகு வேணும்னா. அதுக்கு உலோக அச்சு வேணும். எட்டுக்கு அல்ல. அதோட பிளாஸ்டிக் படகு கனமாயிரும், மூணு சுத்து ஓட்டினா மாத்தாளைக் கூப்பிடுவான். பழகறதுக்குச் சரி, ஆடறதுக்கு இழுவை.

முன்னும் பின்னும் காத்துப்பை கட்டாயம் வெய்யுங்க. பையில்லாத படகு நிரம்பினா ரெண்டு ஆளு சேர்ந்தும் குட்டையிலிருந்து தூக்க முடியாது. காலி தண்ணி பாட்டில் அடைச்சு வெக்கற வேலை வேண்டாம்: மோதறப்ப உருண்டு வந்து பாதத்துக்குப் பின்னால மாட்டிக்கும். கால்தாங்கி முழுப் பலகையா இருக்கோணும். வெறும் கம்பியா இருந்தா, நேருக்கு நேர் மோதறப்ப பாதம் கம்பிக்கு அந்தப் பக்கம் நழுவி மாட்டும். மூக்குல ஒட்டற ரப்பர்ப் பட்டைக்கு ஸ்க்ரூ அடிக்காதீங்க. பசை, அதுக்கு மேல சுத்தி இழுத்த உறை. ஸ்க்ரூ தலை எதிராளி விலாவைக் கிழிக்கும்.

#8 நொய்யல்கரை
ரொம்ப நன்றிங்க. ரெண்டு சந்தேகம். எங்ககிட்ட கிரிக்கெட் ஹெல்மெட் எட்டு இருக்குது, அதை வெச்சே ஆரம்பிக்கலாமா? படகுத்துறையில தர்ற ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் போட்டுக்கலாமா?

#9 பச்சைஅட்டை
ரெண்டும் வேண்டாமுங்க. கிரிக்கெட் ஹெல்மெட்டுல கம்பி படுக்கையா இருக்கும், நெத்திக்கும் கம்பிக்கும் நடுவால சந்து இருக்கும். துடுப்பு நுனி அதுக்குள்ள போகும். பின்மண்டையில காப்பும் கம்மி. கேனோ போலோவுக்கு முகக்கூண்டு வெச்ச படகு ஹெல்மெட் தனியா இருக்குது. கன்னம், காது, பின்மண்டை எல்லாம் மூடியிருக்கோணும், கவுத்துப் போட்டு ஆட்டினாலும் கழறப்படாது.

ஆரஞ்சு ஜாக்கெட் மிதக்கறதுக்கு, ஆடறதுக்கு இல்லை. முன்னால மட்டும் பருத்திருக்கறதால ரோல் போட விடாது, கையை மேல தூக்கினா கழுத்துக்கு ஏறிரும். வேண்டியது விலாவைப் பக்கவாட்டுல மூடற ஜாக்கெட், அக்குள் தாராளமா வெட்டினது. படகு மூக்கு வந்து இடிக்கறது பக்கவாட்டு விலாவுலதான்.

துடுப்பு: இலையோட விளிம்பு 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கனமா இருக்கப்படாது, மூலை வளைவு 3 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறையப்படாது. கடையில கிடைக்கற விலை குறைஞ்ச துடுப்பை வெர்னியர்ல அளந்து பாருங்க, பலதும் மெல்லிசா இருக்கும். உள்ளுக்குள்ள பழகறப்ப நெளிவுக் குழாயை நீளவாக்குல கீறி விளிம்புல மாட்டிப் பசை வெக்கறாங்க. போட்டிக்கு அதைக் கொண்டு வந்தா கரையிலேயே நிறுத்திருவாங்க.

#10 ஐந்தாம்துடுப்பு
பச்சைஅட்டை நடுவருங்க, தள்ளறதைப் பத்தி அவரு இருக்கறப்பவே கேட்டுக்கறேன். போன மாசம் வேற ஒரு இழையில ஒருத்தரு "பந்து பக்கத்துல இருந்தாலே தள்ளலாம்"னு எழுதியிருந்தாரு. அது சரியா?

#11 பச்சைஅட்டை
பாதி சரி. பந்து கையில இருந்தாலும், தண்ணியில கைக்கு எட்டற தூரத்துல மிதந்தாலும் அது அவன்கிட்ட இருக்கறதாத்தான் கணக்கு. ஆகாயத்துல வந்துக்கிட்டிருக்கற பந்து யாருகிட்டயும் இல்லை, அப்ப தள்ளினா தப்பு. எறிஞ்சு முடிச்சப்புறம் தள்ளினாலும் தப்பு. அரை நொடி தாமதத்துலதான் எல்லாச் சண்டையும் வருது.

தள்ளறது ஒரு கையால, விரல் விரிச்ச உள்ளங்கையால. முதுகு, பக்கவாட்டு, மேல்கை. கழுத்துலயும் தலையிலயும் கைபடப்படாது. எதிராளி படகைப் பிடிச்சு இழுக்கறது, துடுப்பைப் பிடிக்கறது எல்லாம் தப்பு. குளத்துல ஆடறீங்கன்னா இன்னொண்ணு: சுவத்துக்கு ஒரு படகு தூரத்துக்குள்ள இருக்கறவனைத் தள்ளக் கூடாதுன்னு நீங்களே உள்விதி போட்டுக்கங்க. தலை சுவத்துல அடிச்சா ஹெல்மெட் பாதிதான் காப்பாத்தும்.

படகால மோதறது தனிக் கணக்கு. பந்துக்குப் போட்டி போடறவங்க ரெண்டு பேரும் பந்துக்கு 3 மீட்டருக்குள்ள இருந்தாத்தான் மோதலாம். எதிராளி உட்கார்ந்திருக்கற இடத்துல ஏறக்குறைய செங்குத்தா, 80லிருந்து 100 டிகிரிக்குள்ள போய் இடிச்சா அது ஆபத்தான மோதல். சாய்வா வந்து மூக்கைத் திருப்பி விடறதுதான் கெட்டிக்காரத்தனம். படகு மேல ஏறி உடம்பைத் தொட்டாலும் தப்புதான்.

துடுப்பால பந்தைத் தொடலாம், நிறுத்தலாம், தள்ளலாம். ஆனா எதிராளி கையால பந்தை எடுக்கப் போறப்ப, அவன் கைக்கு எட்டற தூரத்துல நீங்க துடுப்பு நீட்டக்கூடாது. புதுசா வர்றவங்க வாங்கற விசில்ல பெரும்பாலும் இதுதான். விரலு உடையறதும் இங்கதான்.

பந்தை 5 நொடிக்குள்ள விட்டுரோணும், ஒரு மீட்டராவது நகர்ற மாதிரி. மடியில, ஸ்கர்ட்டு மேல பந்தை வெச்சுக்கிட்டுத் துடுப்புப் போடக்கூடாது. ஒரு அணி பந்தை எடுத்து 60 நொடிக்குள்ள கோலை நோக்கி எறியலைன்னா பந்து எதிரணிக்கு. பச்சை அட்டை எச்சரிக்கை, மஞ்சள் ரெண்டு நிமிஷம் வெளிய, சிவப்புன்னா அந்த ஆட்டம் முடியற வரைக்கும் வெளிய. ஆள் மாத்தறது சொந்தக் கோல் கோட்டுக்குப் பின்னாடி. போறவன் முழுசா வெளிய போனதுக்கு அப்புறம்தான் வர்றவன் நுழையோணும்.

#12 ஐந்தாம்துடுப்பு
தெளிவாச்சுங்க. ஆட்டத்தைப் பத்தி நான் கொஞ்சம்.

கோல் காக்கறவனுக்குத் தனிப் பட்டம் கிடையாது. தடுக்கற அணியில கோலுக்கு நேர் கீழ இருந்து துடுப்பைத் தூக்கறவன் எவனோ அவன்தான் அந்த நேரத்துக் காவல்காரன். கோலோட மேல்விளிம்பு 3 மீட்டர் உயரம். உட்கார்ந்த ஆளு ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கினா கை ஒரு மீட்டர் உயரத்துக்குச் சித்த மேல போகும். 2 மீட்டர் துடுப்பை அடியில பிடிச்சு நட்டுக்குத்தலா நிறுத்தினா இலை சரியா மேல்விளிம்புக்குப் போகுது. அதனாலதான் குட்டைத் துடுப்பு வெச்சிருக்கறவனைக் கோலுக்கு அனுப்ப முடியறதில்லை. இலையோட முகம் எறியறவனைப் பார்த்து இருக்கோணும். விளிம்பைக் காட்டினா பந்துக்கு வழி விட்ட மாதிரி. துடுப்பை வீசித் தடுக்காதீங்க, பந்து வர்ற கோட்டுல முன்கூட்டியே நிறுத்துங்க. வீசினா நிலை போய் அவனே கவுருவான்.

மீதி நாலு பேருக்கு ரெண்டு முன்னால, ரெண்டு பின்னாலன்னு பெட்டி மாதிரி நிக்கறதுதான் ஆரம்பத்துக்கு நல்லது. படகு நின்ன இடத்துல திரும்ப நேரம் புடிக்கும். கால்பந்து மாதிரி ஆளைத் துரத்தினா, அவன் திரும்பினதும் நீங்க நேரா போயிருப்பீங்க. அதனால ஆளைக் காக்காம இடத்தைக் காக்கோணும். மூக்கை எப்பவும் வெளிப்பக்கம் பார்த்து வெச்சு, எதிராளியோட மூக்கைத் தடுங்க. மூக்கு உள்ள நுழைஞ்சா படகும் உள்ள வந்துரும்.

ஆரம்ப விசிலுக்கு ரெண்டு அணியும் அவங்கவங்க கோல் கோட்டுல நிப்பாங்க, பந்தை நடுவால போடுவாங்க. அணிக்கு ஒருத்தர்தான் பந்துக்கு ஓடலாம். இதுக்கு உங்க எட்டுப் பேருல கனமானவரை விடாதீங்க, நின்ன இடத்துலேருந்து சட்டுனு கிளம்பறவரை விடுங்க. பதினேழரை மீட்டர்ல உச்ச வேகத்துக்கு வேலையே இல்லை. முதல் நாலு துடுப்பு வீச்சுதான் கணக்கு.

எறியறதுல கால் பலம் கிடையாது. முழங்காலை மேல்தளத்துல முட்டி, இடுப்பைத் திருப்பி, கடைசியாத் தோள். கையால மட்டும் எறிஞ்சா மூணாவது வாரம் தோள் வலியெடுக்கும். துடுப்பை மறுகையில, மேல்தளத்துக்குக் குறுக்கா படுக்க வெச்சுக்கங்க. கவுரப் போறப்ப கையை முழுசா நீட்டித் தலைக்கு மேல துடுப்பால தாங்கறதுதான் தோள் நழுவறதுக்கு முதல் காரணம். முழங்கை எப்பவும் மடங்கி, தோளுக்குக் கீழ.

#13 ஆடிக்காத்து
களத்தை எந்தத் திசையில போடறது? யாரும் சொல்லலை. வடக்கு தெற்காப் போடுங்க. பொழுதோட ஆடறீங்க, கிழக்கு மேக்காப் போட்டா ஒரு காவல்காரன் சூரியனைப் பார்த்துக்கிட்டே பந்து பிடிக்கோணும்.

#14 கூடுதுறை
ஒத்துக்க மாட்டேன். ஆனி, ஆடியில பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மேக்கேருந்து அடிக்கும். வடக்கு தெற்குக் களத்துக்கு அது பக்கவாட்டுக் காத்து. எறியற ஒவ்வொரு பந்தும் விலகும், மிதவைக் கயிறு ஒரு பக்கமா வயிறு வெக்கும். கிழக்கு மேக்கா இருந்தா ஒரு பாதி எதிர்க்காத்து, மறுபாதி பின்காத்து; இடைவேளையில பக்கம் மாறறதால ரெண்டு அணிக்கும் சமம்.

#15 ஆடிக்காத்து
காத்து நாலு மாசம், சூரியன் பன்னண்டு மாசம். ஆனி ஆடியில காத்தால ஆடட்டும்.

#16 கூடுதுறை
காத்தால அவங்களுக்கு வேலை இருக்குதோ என்னமோ. எப்படியோ, இந்தக் குட்டையோட நீளம் எந்தத் திசையோ களமும் அந்தத் திசைதான், 28ல 35 போகாது. நாம ரெண்டு பேரும் சும்மா அடிச்சுக்கறோம்.

#17 பிசின்வாளி
😀 கோலுக்கு வர்றேன். சட்டம் 40 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயோ அலுமினியமோ, உள்ளளவு 1.5க்கு 1. சிவப்பும் வெள்ளையும் மாத்தி மாத்திப் பட்டை அடிங்க, எறியறவனுக்கு விளிம்பு தெரியோணும். வலை பின்னால அரை மீட்டராவது ஆழம் போகட்டும். வலை தட்டையா இருந்தா பந்து பட்டு முன்னால திரும்பி வந்துரும், கோலா இல்லையான்னு சண்டை.

சட்டத்தைத் தாங்கற கம்பம் கோலுக்குக் கீழ தண்ணியில இறங்கப்படாது, காவல்காரன் படகு அதுல மாட்டும். குளத்துல ஓரத்திலேருந்து கை நீட்டற மாதிரி செய்யுங்க: கரையில முக்கோணத் தாங்கி, பின்னால 20 லிட்டர் தண்ணி கேன் ரெண்டு எதிர்ப்பாரம். சட்டம், வலை, கை எல்லாம் சேர்த்து 12 கிலோ ஒரு மீட்டர் வெளிய நின்னா, பின்னால 1.2 மீட்டர்ல 40 கிலோ நல்லாவே போதும். கேன்ல தண்ணி முழுசா இருக்கோணும். பந்து பட்டு ஆடறப்ப பாதிக்கேன் அலையடிச்சுத் தாங்கியை நகத்தும்.

குட்டையில கரைச்சரிவு இருக்கறதால கை ரொம்ப நீளும், அது தாங்காது. அங்க ரெண்டு கரைக்கும் குறுக்கே 8 மில்லிமீட்டர் இரும்பு வடம் இழுத்து அதுல தொங்க விடுங்க. 28 மீட்டர் வடம் நடுவால தொய்யும், அதனால கரைக் கம்பம் நாலரை மீட்டராவது வேணும், டர்ன்பக்கிள் போட்டு இழுக்கற வசதியோட. தண்ணி இறங்க இறங்கச் சட்டத்தையும் இறக்கோணும். 2 மீட்டர்ல முடிச்சுப் போட்ட ஒரு குண்டுநூலைக் கீழ்விளிம்புல கட்டி விடுங்க, முடிச்சு தண்ணியைத் தொட்டா உயரம் சரி.

#18 நொய்யல்கரை
தெளிவாப் புரிஞ்சுதுங்க. கடைசியா ஒண்ணு. குளத்துக்காரங்க டைல்ஸ் உடையும்னு பயப்படறாங்க. 25க்கு 12.5ல எத்தனை பேரு ஆடலாம்?

#19 ஐந்தாம்துடுப்பு
மூணுக்கு மூணு. நாலுக்கு நாலு போட்டா படகுக மேல படகு, ஆட்டமே நடக்காது. மூணுல ஒருத்தர் காவல், ரெண்டு பேரு முன்னால. பந்தைக் கைமாத்தறது, சுவருக்குப் போடற மாதிரி திருப்பிப் போடறது எல்லாம் நல்லாப் பழகும். 60 நொடியை 30ஆக் குறைச்சுக்கங்க, களம் சின்னது.

டைல்ஸ் உடையறது மோதலாலன்னு நினைப்பாங்க. உண்மையில உடையறது படகை ஓரத்துல இழுத்துப் போடறப்பவும், துடுப்பை ஊனி எந்திரிக்கறப்பவும்தான். ஏறி இறங்கற இடத்துல பழைய யோகா பாயை நனைச்சு விரிச்சு, அங்க மட்டும் ஏறுங்க. துடுப்பைக் குளத்துத் தரையில ஊனறவனை அன்னைக்கு வெளிய உட்கார வெய்யுங்க. குட்டைக்குப் போன படகைக் குளத்துல இறக்கறதுக்கு முன்னால உள்ளயும் வெளியயும் கழுவி, காத்துப்பையை எடுத்துக் காய வெச்சுருங்க. ஒரு தடவை பாசியும் மண்ணும் வடிகட்டிக்குப் போச்சுன்னா அடுத்த வாரம் கேட்டைத் திறக்க மாட்டாங்க.

#20 பச்சைஅட்டை
விசில் ரெண்டு வாங்கிக்கங்க, களத்தோட ரெண்டு நீளப் பக்கமும் ஒவ்வொரு நடுவர் வேணும். உலோக விசில் வேண்டாம்; ஈரத்துல உள்ளிருக்கற குண்டு ஒட்டிக்கிட்டுச் சத்தம் வராது. குண்டில்லாத பிளாஸ்டிக் விசிலா வாங்குங்க.